பழைய நெருப்பு

வாக்கு எண்ணுகிற நாள் காலையில், பஸ் டிரைவரின் சீருடைச் சட்டையை அவர் மனைவி ஒளித்து வைத்துவிட்டாள். பீரோவில் இல்லை. கொடியில் இல்லை. கட்டிலுக்கு அடியிலும் இல்லை. இருப்பதே இரண்டு அறை. பனியனோடு அதையே சுற்றிச் சுற்றி வந்தார் டிரைவர்.

"சட்டை எங்கடி?"

"எனக்கென்ன தெரியும்? சலவைக் கம்பெனியில ஊர்ச் சட்டை எல்லாத்துக்கும் பெட்டி போடறவ நான். வீட்டுச் சட்டைய யாரு பாத்தா?"

"வெளையாடாத. இன்னிக்கு வண்டி எடுக்கலன்னா நாளைக்கும் எடுக்காதன்னு சொல்லிருவான்."

"சொல்லட்டும். தேர்தல்னா மொதக் கல்லு பஸ் மேலதான் விழும். எந்தத் தலைவர் கார் மேலயாவது விழுந்து பாத்திருக்கீங்களா?"

சுவரோரம் உட்கார்ந்து டீயில் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்த அவள் தம்பி சிரித்தான். உள்ளூர் செய்தி டிவி ஒன்றில் படம் வெட்டி ஒட்டும் எடிட்டர் அவன். அப்பாவும் அம்மாவும் கல்லுடைத்து, நெஞ்சில் தூசி ஏறிப் போய்ச் சேர்ந்த பிறகு, அவனைச் சோறு போட்டுப் படிக்க வைத்தது அக்காவும் இந்த மாமாவும்தான்.

"சட்டையக் குடுத்திருக்கா. கலாட்டா எல்லாம் டிவியிலதான் இருக்கும். தெருவுல ஒண்ணும் இருக்காது. நான் சொல்றேன், எனக்குத் தெரியாதா?"

"பாத்தியா, மாப்ளையே சொல்லிட்டான்" என்றார் டிரைவர்.

அக்கா முணுமுணுத்துக்கொண்டே மணையை விட்டு எழுந்தாள். இவ்வளவு நேரமும் சட்டை மேல்தான் உட்கார்ந்திருந்தாள். கசங்கிப்போன சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, "சலவைக்காரி புருஷன் போற லட்சணத்தப் பாருங்கன்னு ஊரே சிரிக்கப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போனார் மனிதர்.

அன்று தெருவில் என்ன நடக்கப் போகிறது என்பது அவர் மைத்துனன் கையில் இருந்தது. அது அவனுக்கே தெரியாது.

*

டிவி அலுவலகம் ஒரு மருந்துக்கடை மாடியில். கீழே மருந்து நெடி, மேலே ஏசிக் குளிர். செய்தி ஆசிரியருக்குப் பின்னால் எல்லாரும் வைத்த பெயர் 'சூடு'. எந்தப் படத்தைக் காட்டினாலும் "சூடு இருக்கா?" என்றுதான் கேட்பார். கெட்டவர் இல்லை. பார்க்கிற ஆள் குறைந்தால் மேலே இருப்பவர்கள் அவரைப் பிடுங்குவார்கள்; அவர் கீழே இருப்பவர்களைப் பிடுங்குவார்.

குடைக் கட்சியும் சாவிக் கட்சியும் முட்டிக்கொண்டிருந்த தேர்தல். முதல் சுற்றில் குடை முன்னிலை, அடுத்த சுற்றில் சாவி. நண்பகல் நெருங்கும்போது, எண்ணும் மையத்து வாசலிலிருந்து அவர்களுடைய நிருபர் கூப்பிட்டாள்.

"அண்ணே, இங்க ஒரு தள்ளுமுள்ளு. குடைக்காரன் ஒருத்தன் கல்லு விட்டான், சாவிக்காரன் ஒருத்தனுக்கு நெத்தியில பட்டிருச்சு. பெரிசா இல்ல. கல்லு விட்டவனோட சித்தப்பாவே அவன் காதப் புடிச்சு இழுத்துட்டு வந்து மன்னிப்புக் கேக்க வச்சுட்டாரு. இப்ப ரெண்டு பேரும் ஒரே பாட்டில்ல தண்ணி குடிக்கிறானுங்க. எல்லாத்தையும் எடுத்து அனுப்பிட்டேன்."

எடிட்டர் படத்தைப் போட்டுக் காட்டினான். நெற்றியில் கைக்குட்டை கட்டிய ஒருவன், காது சிவந்த ஒருவன், நடுவில் பிளாஸ்டிக் பாட்டில். சூடு சார் ஒரு கொட்டாவி விட்டார்.

"இத எவன்யா பாப்பான்? பக்கத்து டிவிக்காரன் 'பயங்கர மோதல்'னு ஓட்டிட்டு இருக்கான். நம்மகிட்ட தண்ணி குடிக்கிறதக் காட்டச் சொல்றியா? பழசு எடு. அந்த எரியிற பஸ் இருக்குல்ல, அதப் போடு."

அந்த பஸ் எரிந்தது மூன்று வருடம் முன்னால், வேறு ஊரில், வேறு ஏதோ வேலைநிறுத்தத்தில்.

பழைய படத்தைப் போட்டால் 'கோப்புக் காட்சி' என்று திரையில் எழுத வேண்டும் என்பது விதி. விதியை யாரும் மீறவில்லை. அந்த டிவியில் அதை எழுதுகிற இடம் ஒன்று உண்டு: திரையின் அடியில், இடது மூலை. 'பரபரப்பு' என்ற சிவப்புப் பட்டை ஓடுகிற இடமும் அதுதான். எழுத்து இருக்கும், பட்டை அதை மூடிக்கொண்டு ஓடும். நாளை யாராவது கேட்டால், எழுதியிருக்கிறோமே என்று காட்டலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எடிட்டருக்குச் சொல்லிக்கொடுத்த தொழில் நெளிவுசுளிவுகளில் இதுவும் ஒன்று. அன்றும் அவன் கை தானாக அதைச் செய்தது. எழுதினான். பட்டையை ஓட்டினான். பஸ் எரிந்தது. திரும்பத் திரும்ப எரிந்தது.

*

அவன் கைப்பேசி அதிர்ந்தது. அக்கா.

"டேய், எங்கம்பெனி டிவியில பஸ்ஸு எரியுதுடா. உங்க டிவிதான். அது மாமா வண்டியா?"

அவன் சிரித்தான்.

"ஐயோ அக்கா, அது இன்னிக்கு எரிஞ்சது இல்ல. பழசு. மூணு வருசத்துக்கு முந்தினது. நீ பயப்படாத."

அந்தப் பக்கம் இஸ்திரி இயந்திரத்தின் ஆவிச் சத்தம் நின்றது.

"பழசா?"

"ஆமாக்கா."

"அப்ப எதுக்குடா அத இன்னிக்குக் காட்டற?"

"அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். வைத்த பிறகும் கேள்வி காதிலேயே நின்றது. அக்காவையே ஏமாற்றிய படம் ஊரை என்ன செய்யும் என்று அப்போதுதான் முதல்முறையாக யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் நிருபர் மறுபடி கூப்பிட்டாள்.

"அண்ணே, திரும்பி வர்ற வழியில மார்க்கெட்டுல நிக்கிறேன். இங்க குடைக்காரனுங்க ஒரு பஸ்ஸ மடக்கிட்டாங்கண்ணே. நம்ம டிவியப் பாத்துட்டுத்தான்! 'எங்க ஆளுங்கள பஸ்ஸோட எரிக்கிறானுங்க, நாங்களும் எரிப்போம்'னு கத்தறானுங்க. பின்னாடிக் கண்ணாடியில எவனோ சாவி ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போயிருக்கான், அதுதான் அவனுங்களுக்குச் சாக்கு. உள்ள ஜனம் இருக்கு. டிரைவர் எறங்க மாட்டேங்கறாரு. நேரடியா அனுப்பறேன், பாருங்க."

பக்கத்துத் திரையில் படம் வந்தது. ஆடியது, நின்றது. முன்கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு கசங்கிய சட்டை.



*

மொத்த மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற கூட்டத்துக்குத் தலைவன் 'மலை'. ஆள் குட்டைதான், தோள்தான் மலை. அவன் கூட்டத்தில் பாதிப் பேர் குடை, பாதிப் பேர் சாவி. மலை குடை. மூட்டை முதுகில் இருக்கும்போது கட்சி பேசக்கூடாது, இறக்கிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் ஏற்பாடு. கீழே பார்த்து நடக்க வேண்டிய நேரத்தில் வாய்ச்சண்டை போட்டு ஒருவன் காலை உடைத்துக்கொண்ட பிறகு வந்த ஏற்பாடு அது.

மற்ற பஸ்காரர்கள் மூட்டைக்காரர்களைக் கண்டால் வண்டியை நிறுத்தாமல் ஓட்டுவார்கள். மாவும் தவிட்டுத் தூசியும் வியர்வையும் சேர்ந்து நாறும். பயணிகள் மூக்கைப் பொத்துவார்கள். இந்த டிரைவர் ஒருவர்தான் நிறுத்துவார். "ஏறுங்கய்யா, வேர்வை என்ன வெசமா?" என்பார். அந்த வண்டியைத்தான் இப்போது மடக்கியிருந்தார்கள்.

மூட்டையை அப்படியே போட்டுவிட்டு மலை ஓடினான். அவனோடு ஏழெட்டுப் பேர். பஸ்ஸைச் சுற்றி முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். குடைக்காரனும் சாவிக்காரனும் தோளோடு தோள். கூட்டம் கத்தியது.

"மலையண்ணே, நீங்க நம்ம கட்சி! ஒதுங்குங்க!"

"நம்ம கட்சிதான்டா. அதுக்குத்தான் சொல்றேன். உள்ள இருக்கறதுல நமக்கு ஓட்டுப் போட்டவன் எத்தன பேரு, போடாதவன் எத்தன பேரு, நெருப்புக்குத் தெரியுமா?"

"நம்ம ஆளுங்கள எரிச்சுட்டானுங்க! டிவியில காட்டறான்!"

"எரிச்சிருந்தா போய் எரிச்சவனக் கேளு. இவரு என்னடா பண்ணாரு?"

பின்கதவு வழியாகப் பயணிகளை ஒவ்வொருவராக இறக்கினார்கள் இரண்டு மூட்டைக்காரர்கள். கூட்டத்தின் முன்னால் ஒருவன் பெட்ரோல் கேனோடு நின்றான். மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு இரும்புக் குழாய் வந்தது. யார் கை என்று தெரியவில்லை. மலையின் வலது தோளில் இறங்கியது. சத்தம் பஸ்ஸுக்குள் இருந்த டிரைவருக்கே கேட்டது. மலை விழவில்லை. பஸ் மீது சாய்ந்துகொண்டு பல்லைக் கடித்தான்.

"சார், நீங்களும் எறங்குங்க!" என்று கத்தினான்.

"கடைசி ஆள் எறங்கட்டும்யா" என்றார் டிரைவர். வண்டியில் இன்னும் ஒரு நிறைமாதக்காரி இருந்தாள்.

*

சூடு சார் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"அடி சக்கை! நம்ம ஊர்ல, நேரடியா! பழசத் தூக்கு, இதப் போடு! சீக்கிரம்யா!"

அந்தச் சின்ன டிவியில் வெட்டுகிறவனேதான் ஒளிபரப்புப் பொத்தானையும் அமுக்க வேண்டும். எடிட்டர் அமுக்கவில்லை.

"சார், அதுல இருக்கறது எங்க மாமா."

சூடு சார் திரையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். முகம் வெளுத்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

"ஐயோ... சரிய்யா, அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? போலீஸ் வரும். நீ போடு."

"இதப் போட்டா இன்னும் நாலு தெருவுல நாலு பஸ்ஸ மடக்குவான் சார். நாம காட்டினதப் பாத்துத்தான் இவன் பெட்ரோல் தூக்கியிருக்கான். பஸ்ஸ எரிக்கிறது எப்படின்னு இவ்வளவு நேரமா பாடம் நடத்திட்டு இருக்கோம்."

"என்ன பண்ணணுங்கற?"

"பழசுன்னு சொல்லணும். பெருசா. அந்தத் தண்ணி பாட்டிலப் போடணும்."

"தப்புன்னு நம்ம வாயாலயே சொன்னா நாளைக்கு எவன்யா நம்மளப் பாப்பான்?"

"நாளைக்கு என் வேலைய எடுத்துக்குங்க சார்."

அவன் முதலில் சிவப்புப் பட்டையைத் தூக்கினான். அப்புறம் எரிகிற பஸ்ஸை நிறுத்தி, கறுப்புத் திரையில் எழுத்தடித்தான். தட்டும்போது இரண்டு பிழை விழுந்தது, திருத்த நேரமில்லை. 'இவ்வளவு நேரம் நாங்கள் காட்டிய பஸ் மூன்று வருடம் முன்பு வேறு ஊரில் எரிந்தது. இன்று யாரும் எரிக்கப்படவில்லை. தவறு எங்களுடையது.' பிறகு அந்தப் படம்: நெற்றியில் கைக்குட்டை, சிவந்த காது, நடுவில் தண்ணீர் பாட்டில். நிருபரின் குரல், எதுவும் வெட்டாமல்.

சூடு சார் கையை நீட்டினார். பொத்தானை அணைக்கத்தான் போகிறார் என்று நினைத்து எடிட்டர் குறுக்கே தோளைக் கொடுத்தான். அவரோ ஒலி கூட்டுகிற விசையை மேலே தள்ளினார்.

"சத்தம் பத்தாதுய்யா" என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

*

மார்க்கெட் முனை டீக்கடையில் டிவி தெருவைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் கூட்டம் சேர்ந்தது. கடைக்காரர் இப்போது கல்லாவிலிருந்து எழுந்து நின்று பெருங்குரலெடுத்தார்.

"டேய்! பழசாம்டா! அவனே சொல்றான்டா, பழசாம்!"

முதலில் யாரும் திரும்பவில்லை. பின்னால் நின்ற ஒருவன் திரும்பினான். அவனைப் பார்த்து இன்னொருவன். கூட்டம் என்பது முன்னால் இருப்பவனைப் பின்னால் இருப்பவன் தள்ளுவதுதான். பின்னால் இருப்பவன் திரும்பிவிட்டால் முன்னால் இருப்பவனுக்குத் தள்ளு இல்லை. கேன் வைத்திருந்தவனும் திரும்பிப் பார்த்தான். திரையில், அவன் கட்சிக்காரன் எதிர்க்கட்சிக்காரனுக்குப் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தான். கேன்காரன் அதை வெகுநேரம் பார்த்தான். அப்புறம் கையில் இருந்ததைப் பார்த்தான், ஏதோ வேறு ஒருவர் கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி. குனிந்து கேனைத் தரையில் வைத்தான். மூடியைத் தேடி எடுத்துத் திருகினான். யாரையும் பார்க்காமல் சந்துக்குள் போய்விட்டான்.

எல்லாரும் அப்படித் திருந்திப் போகவில்லை. இரண்டு கண்ணாடி அதற்குப் பிறகும் உடைந்தது. போலீஸ் வந்து அடித்த பிறகுதான் சிலர் ஓடினார்கள். ஆனால் நெருப்பு விழவில்லை. நிறைமாதக்காரி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் டிரைவர் இறங்கினார். இறங்கியவர் நேராகப் போய் மலையைத் தாங்கிக்கொண்டார்.

*

மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில், வலது தோள் எலும்பு முறிந்து கட்டுப் போட்டுக் கிடந்தான் மலை. பக்கத்தில் அவன் மனைவி. அதே மார்க்கெட்டில் கிழிந்த சாக்குத் தைக்கிறவள். டிரைவரும் அக்காவும் எடிட்டரும் உள்ளே வந்தார்கள். அக்கா மலையின் நல்ல கையை எடுத்துத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

"ஐயோ, என்னக்கா இது! விடுங்க, விடுங்க" என்று கூச்சப்பட்டான் மலை. "அவரு எங்களுக்கு வண்டி நிறுத்தறாரு. ஒரு நாள் அவரு வண்டிய நாங்க எரியாம நிறுத்தி வச்சோம். அவ்வளவுதான்."

"தாலி கட்டினவர எனக்குத் திருப்பிக் குடுத்துட்டு அவ்வளவுதாங்கறியே தம்பி" என்று அழுதாள் அக்கா. "சாகற வரைக்கும் உன் பேரச் சொல்லித்தான் விளக்கேத்துவேன்."

டிரைவர் தொண்டையைச் செருமினார். "எலும்பு கூடற வரைக்கும் உங்க வீட்டுக்கு வேண்டியது என் பொறுப்பு. மறுத்துப் பேசினா இனிமே வண்டி நிறுத்த மாட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எடிட்டர் மட்டும் சிரிக்கவில்லை. கட்டில் காலடியில் நின்றான்.

"அண்ணே... அந்த எரியிற பஸ்ஸப் போட்டது நான்தான்."

சிரிப்பு நின்றது. மலையின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான் பழசுன்னும் போட்டீங்களா?"

"ஆமா. அதுவும் நான்தான்."

"நன்றி சொல்ல வந்தீங்களா, மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்மா. எங்க மாமா உள்ள இருந்ததாலதான் எனக்குப் புத்தி வந்திச்சு. வேற யாரு மாமாவோ இருந்திருந்தா, ஓட்டிட்டே இருந்திருப்பேன். அத நெனச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வரல."

அவள் புருஷனின் கட்டு நழுவாமல் சரி செய்தாள்.

"நேத்துலேருந்து பாத்துட்டேன்" என்றாள் அப்புறம். "எல்லா டிவிக்காரனும் வந்தான். இவரு தோளக் காட்டினான், ஒடஞ்ச கண்ணாடியக் காட்டினான், அடிச்சவன் யாருன்னு கேட்டான். இவருக்கு நன்றி சொல்றீங்க, சந்தோசம். ஆனா அந்த கேனக் கீழ வச்சானே ஒருத்தன், அவனுக்கு யாரு நன்றி சொன்னா? அவன் வைக்கலன்னா இவரு இன்னிக்கு இந்தக் கட்டில்ல இல்ல. பொணக்கெடங்குல. அவன ஒருத்தன் காட்டலியே?"

எடிட்டர் விழித்தான். டீக்கடைக்காரர் தன் கைப்பேசியில் எடுத்த படம் அவனிடம் வந்திருந்தது. கேன் இறங்குவது, மூடியைத் திருகுவது, எல்லாம் இருந்தது. யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. அவனுக்கும்தான்.

"காட்டினா போலீஸ் அவனப் புடிச்சிரும்மா" என்றான் மெதுவாக.

"அப்ப மொகத்தக் காட்டாதீங்க. மொகம் எதுக்கு? கை போதும்." அவள் தன் கையைத் தாழ்த்தி, எதையோ தரையில் வைப்பது போல வைத்துக் காட்டினாள். "சண்ட போடாம முடிவு பண்ணத்தானே ஓட்டுன்னு ஒண்ணு வச்சான்? அதுல கல்லு விட்டவன் கொஞ்சம் பேரு. ஓட்டுப் போட்டுட்டு வேலையப் பாக்கப் போனவன் ஊரு பூரா. நீங்க அந்தக் கொஞ்சம் பேரையே காட்டிக் காட்டி, ஊரு பூரா அப்படித்தான்னு எங்களையே நம்ப வச்சுட்டீங்க. எரிக்கிறதக் காட்டினீங்க, நாலு பேரு எரிக்கக் கத்துக்கிட்டான். கீழ வைக்கிறதயும் காட்டுங்க தம்பி. அதயும் நாலு பேரு கத்துக்கட்டும்."